எதிர் மாடி மாஸ்டர்

வாஷிங் மெஷின் சுற்றி முடித்து நின்றபோது, டிரைவரின் தோள்பட்டைக்காக எழுதிக் கொடுத்திருந்த எட்டு அசைவுகளில் ஐந்து காணாமல் போயிருந்தன. சட்டைப்பையில் மடித்து வைத்த தாள், துவைத்த துணி அத்தனையிலும் வெள்ளைத் துணுக்காக ஒட்டியிருந்தது. முதல் மூன்று அசைவுகள் அவர் தலைக்குள் ஏறியிருந்ததால் தப்பித்தன.

"பையைப் பாத்துட்டுப் போட்டிருக்கக் கூடாதா?" என்றார் மனைவியிடம்.

"வச்சவங்க எடுத்துட்டுப் போட்டிருக்கக் கூடாதா?" என்றாள் மனைவி.

அவர் துணியிலிருந்து துணுக்குகளைப் பிய்க்க ஆரம்பித்தார்.

இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்பேர்ப்பட்டவர், டெப்போவில் இன்ஜின் அணைத்து நின்ற வண்டியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிட்டு வலது தோளில் விழுந்தார். பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த சக டிரைவர்கள், எதிரே வந்த வண்டி எது என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு விசாரித்தார்கள்.

சிரிப்பெல்லாம் அன்றோடு சரி. தொண்ணூறாம் நாள் கம்பெனி டாக்டர் முன்னால் வலது கை தலைக்கு மேல் நேராக உயர்ந்து ஒரு முழு நிமிஷம் நிற்க வேண்டும் என்று ஓலை வந்தது. நிற்காவிட்டால் அவர் ஓட்டிவந்த பதினான்காம் நம்பர் வண்டியை மறந்துவிட வேண்டியதுதான். மீதி சர்வீஸ் முழுக்கத் தொலைந்த பொருள் அறையில் உட்கார்ந்து, பயணிகள் விட்டுப்போன குடைகளுக்குச் சீட்டுக் கட்ட வேண்டும். கதை பேசிக்கொண்டே கையெழுத்துப் போடும் பழைய டாக்டரும் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்தவர் சிரிக்க மாட்டாராம், பேச மாட்டாராம். வந்த வாரமே இரண்டு பேரைக் குடைப்பக்கம் அனுப்பிவிட்டாராம். டிரைவருக்கு ஸ்டியரிங்கை நினைத்தால் கண்ணில் தண்ணீர் வந்தது. வெளியே சொல்லவில்லை.

அவருடைய தோளைக் கவனித்துக்கொண்ட பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண்தான், ஆனால் கண்டிப்பானவள். சிகோங் என்று சீனத்துப் பயிற்சி ஒன்றைச் சொல்லி, மூச்சோடு சேர்த்து மெதுவாகக் கையைக் காலை அசைக்க வேண்டும், தினம் இருபது நிமிஷம், ஒரு நாள்கூட விடக்கூடாது என்று எட்டு அசைவுகளைப் படம் போட்டுத் தாளில் கொடுத்திருந்தாள். இரண்டு நாள் பால்கனியில் நின்று, தாளைக் கையில் வைத்தபடியே எட்டையும் செய்து பார்த்தார். அந்த மிதப்பில், மனப்பாடம் ஆகிவிட்டதா என்று அவள் போனில் கேட்டபோது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வேன் என்று அளந்துவிட்டார். மூன்றாம் நாள் தாள் துவைபட்டது. இனி எந்த முகத்தோடு இன்னொரு தாள் கேட்பது?

மகளின் போனில் வீடியோ தேடினார்கள். ஒருவர் பதினெட்டு அசைவு செய்தார், இன்னொருவர் பன்னிரண்டு. மூன்றாமவர் இடுப்பளவு ஆற்றில் நின்று செய்தார். அவரைப் பார்த்துச் செய்யப்போய், டிரைவரின் கை முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. மனைவியும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மீட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணி. தெரிந்த மூன்றையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்த டிரைவர், தெருவுக்கு அந்தப் பக்கம் எதிர் மாடியைப் பார்த்தார். பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு யாரோ குடிவந்திருந்தார்கள். பால்கனியில் ஒரு மனிதர். நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. கைகள் மெதுவாக உயர்ந்தன, இறங்கின. ஒன்று, இரண்டு, மூன்று. அதே மூன்று.

பிறகு, மங்கலாக நினைவில் இருந்த அந்த நாலாவதும் வந்தது.

டிரைவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஓடி மனைவியை இழுத்துவந்து காட்டினார்.

"மாஸ்டர்டி."

"தாடி இருந்தா மாஸ்டரா? ஷேவ் பண்ண சோம்பேறித்தனமா இருக்கும்."

அவள் சொன்னது காதிலேயே ஏறவில்லை. ஒரே வாரத்தில் எட்டும் திரும்பக் கிடைத்துவிட்டன. எதிரே நிற்பவரின் இடம் நமக்கு வலம் என்பதெல்லாம், ஆயுசு முழுக்கக் கண்ணாடியைப் பார்த்து வண்டி ஓட்டியவருக்கு ஒரு விஷயமே இல்லை.

ஆனால் தினமும் பயிற்சி செய்வது என்றால் சும்மாவா? ஒரு நாள் பாதியில் பால் பொங்குகிறது, அடுப்பை அணையுங்கள் என்று குளியலறையிலிருந்து மனைவி கத்தினாள். அவர் நின்ற இடத்திலேயே சமையலறைப் பக்கம் திரும்பி, ஒரு நிமிஷம் என்று விரலை ஆட்டினார். பால் காத்திருக்கவில்லை. இன்னொரு நாள் காலடியில் கரப்பான்பூச்சி வந்தது, மிதித்தார். வேறொரு நாள் தெருவில் பதினான்காம் நம்பர் போனது. எதிர்ப்படும் டிரைவருக்கு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவது தொழில் மரியாதை. தன் வண்டி இன்னொருவன் கையில் போகிறதே என்று மனம் வெந்தாலும் தூக்கினார்.

அப்புறம் மனைவி காயப்போட்ட போர்வை மாஸ்டரை மறைத்தது. கொடியை நல்ல கையால் மாற்றிக் கட்டினார். கட்டு அவிழ்ந்து, போர்வை கீழ்வீட்டுத் தையல்காரம்மா தலைமேல் போய் விழுந்தது. அந்த அம்மாள் போர்வையோடு மேலே வந்து, குடும்பத்தின் பூர்வீகம் வரை விசாரித்துவிட்டுப் போனாள்.

இத்தனை இடைஞ்சலிலும் அவர் விடாமல் செய்வதைப் பார்த்துத்தானோ என்னவோ, ஒரு மாதம் ஆனதும் மாஸ்டர் அடுத்த கட்டத்துக்குப் போனார். எட்டு முடிந்த பிறகு நிற்காமல், காலால் தரையில் ஓங்கி இரண்டு மிதி மிதித்தார். டிரைவர் அசந்துபோனார். குரு இரண்டு செய்தால் சிஷ்யன் நாலு மிதியாவது மிதிக்க வேண்டாமா? மறுநாள் மாஸ்டர் ஆறு மிதித்தார். அந்த வாரக் கடைசியில் டிரைவர் பன்னிரண்டில் இருந்தார். தையல்காரம்மா திரும்பவும் மேலே வந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லையாம், வீடே அதிர்கிறதாம். இது மருத்துவம் என்று அவர் விளக்கப்போய், அப்படியானால் ஆஸ்பத்திரிக்குப் போய் மிதியுங்கள் என்று பதில் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து காலுக்கடியில் தலையணை போட்டு மிதித்தார். தலையணை பிய்ந்து பஞ்சு பறந்ததற்கு வீட்டில் தனியாக வாங்கிக்கட்டிக்கொண்டார்.

இரண்டு விரலை உயர்த்தும் அசைவு ஒன்றும் வந்தது. பிறகு வந்ததுதான் குடும்பத்தில் குழப்பம் செய்தது. மாஸ்டர் மெல்ல வீட்டுக்குள் திரும்பி, ஆள்காட்டி விரலை ஆட்டினார். உள்ளே தேங்கிய கெட்ட காற்றை வெளியே விரட்டுகிறார் என்று டிரைவர் தானாகவே புரிந்துகொண்டார். அவர் வீட்டில், திரும்பினால் சமையலறை. தினமும் காலை ஆறேகாலுக்கு, காபி கலந்துகொண்டிருக்கும் மனைவியைப் பார்த்து அவர் விரலை ஆட்டினார்.

மூன்றாம் நாள் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன்னு வாயத் திறந்து சொல்லிடுங்க."

"உன்னை இல்லடி. காத்தை."

"காத்துக்கு என் மூஞ்சியா கெடச்சுது?"

இரண்டு நாள் பேச்சு நின்றது. காபியும் நின்றது. ஆனாலும் விரல் ஆட்டுவதை அவர் விடவில்லை. தோள் என்று வந்துவிட்டால் பாதிப் பத்தியம் உதவாது என்பது அவர் கட்சி.

நாற்பத்தோராம் நாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. டிரைவருக்கு மூக்கு அடைத்திருந்தது. ஒரே ஒரு நாள் விட்டால் என்ன என்று போர்வைக்குள் இருந்தபடியே தீர்மானம் நிறைவேற்றினார். மனசு கேட்காமல் திரைச்சீலையை மட்டும் லேசாக விலக்கிப் பார்த்தார். எதிர் மாடியில் மாஸ்டர் நின்றிருந்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வயதில் அந்த மனிதர் நனைகிறார். நான் படுத்திருக்கிறேனே என்று பால்கனிக்கு ஓடினார். இருவரும் தொப்பலாக நனைந்துகொண்டே அத்தனையும் செய்தார்கள். அன்றுதான் அவருடைய வலது கை முதன்முறையாகக் காதைத் தொட்டது.

பின்னால் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

"கை காது வரைக்கும் போயிடுச்சுங்க," என்றாள் மனைவி. குரல் உடைந்திருந்தது. டம்ளரில் காபி இருந்தது.

அதன்பிறகு ஒரு நாள்கூட விடவில்லை. தொண்ணூறாம் நாள் எட்டு அசைவு பதினேழாகி இருந்தது. அன்று காலை மாஸ்டர் என்னவோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சீக்கிரமே உள்ளே போனார். டிரைவர் எதிர் மாடியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு டெப்போவுக்குக் கிளம்பினார்.

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் அவருக்கு முன்னால் ஒருவர் இருந்தார். உள்ளே போனார், குடை முகத்தோடு வெளியே வந்தார். டிரைவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

மேஜைக்குப் பின்னால், வெள்ளைக் கோட்டின் மேல், நெஞ்சுவரை வெள்ளைத் தாடி.

மாஸ்டர். மூன்று மாதம் கேட்காமல் கொள்ளாமல் ஒருவரிடம் வித்தையைத் திருடிவிட்டு, இப்போது அவர் கையெழுத்துக்கே வந்து நிற்கிறோம் என்று டிரைவருக்குப் புரிந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த பேனா ஒரு கணம் நின்றது. முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை.

"வலது கை," என்றார்.

டிரைவர் மூச்சை இழுத்தார். கை எழுந்தது. தோள், காது, தலை எல்லாவற்றையும் தாண்டி நேராகப் போய் நின்றது. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் ஒரு சுற்று சுற்றி வந்தது. வலிக்கவில்லை, நடுங்கவில்லை. டாக்டர் இறக்கச் சொல்ல மறந்துவிட்டார் போலிருந்தது; இரண்டாவது சுற்றும் முடிந்தது. அப்போதும் கை அப்படியே நின்றது. டிரைவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கக்கூட அந்தக் கையை அவர் இறக்கவில்லை.

டாக்டர் தாளை இழுத்தார். தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் குத்தினார். பதினான்காம் நம்பர் திரும்பி வந்துவிட்டது.

இனியும் மறைத்தால் நன்றாக இருக்காது என்று டிரைவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள வாயெடுத்தார். அதற்குள் டாக்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் முன்னால் இரண்டு கைகளையும் குவித்து நின்றார்.

"முதல் ரெண்டு நாள் தாளும் கையுமா செஞ்சீங்களே, அப்பவே உங்களப் பாத்துப் பிடிச்சுக்கிட்டேன் மாஸ்டர், என் இடுப்பு வலி இருந்த எடம் தெரியல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க, சமையலறைப் பக்கம் திரும்பி விரலை ஆட்டறோமே, அது எந்த உறுப்புக்கு? வீட்ல தினமும் சண்டை."