அடுத்த மாதம் ஓடப்போகும் டாக்சி

தெருவுக்கு ஒருவர் இந்த இனத்தில் நிச்சயம் உண்டு. 'நல்ல கண்டிஷன்' இனம் என்று வைத்துக்கொள்வோம். இவர் வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்கும். நிற்கும் என்றால் நிற்கும். அவ்வளவுதான் அது செய்யும். அதன் கூரையில் முருங்கைப்பூ கொட்டிக் கிடக்கும், அடியில் நாய் குட்டி போட்டிருக்கும், பின்கண்ணாடித் தூசியில் அந்தத் தெருக் காதல்கள் அனைத்தும் தேதிவாரியாகப் பதிவாகியிருக்கும். 'எடைக்குப் போட்டுடலாமே' என்று வாய்தவறிச் சொல்லிப் பாருங்கள். பெற்ற பிள்ளைக்கு விலை பேசினதுபோல் பார்ப்பார். "நல்ல கண்டிஷன் சார். அடுத்த மாசம் ஓட்டிடலாம்" என்பார். எந்த மாதத்துக்கு அடுத்த மாதம்? கேட்காதீர்கள். அவருக்குக் காலண்டர் தனி.

திருமுல்லைவாயிலில் இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி வரதன். மெக்கானிக்கல் டிப்ளமா. அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல்ரூம் வேலை. தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்பிவிடுகிறவன். அவன் வாசலில் நின்றது, அப்பா செங்கல்வராயன் ஓட்டிய மஞ்சள் கூரை டாக்சி. அப்பா இறந்து மூன்று வருஷம். ஞாயிறுதோறும் வரதன் நாலு டயருக்கும் சைக்கிள் பம்பால் காற்றடிப்பான், கார்புரேட்டரைக் கழற்றுவான், கழுவுவான், ஊதுவான், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான், திரும்ப மாட்டுவான். சாவியை மட்டும் திருக மாட்டான். ஒரு கேஸ்கெட் வர வேண்டுமாம். அந்தக் கேஸ்கெட் ஸ்டேஷன் ரோட்டுக் கடையில் கொத்துக்கொத்தாகத் தொங்கியது தெருவுக்கே தெரியும். யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் மட்டும் பானெட்டில் வடகம் காயப்போட்டுக்கொண்டே, "வரட்டும் நைனா, மெதுவா வரட்டும்" என்பாள். அவள் கவலை அவளுக்கு.

தொண்ணூற்று மூன்றில் எதிர்வீட்டுப் பிரகாசம் புது மாருதி வாங்கினார். நிறுத்த இடமில்லை. நகராட்சிக்கு மனு எழுதினார்: 'அனாதையாக நிற்கும் மேற்படி வாகனத்தால் கொசு, நாய், காதல் ஆகியவை பெருகுகின்றன.'

பரந்தாமன் என்ற நகராட்சிக்காரர் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்தார். பின் டயரிலிருந்து தரைவரை ஒரே இழுப்பாக வெள்ளைக் கோடு போட்டார்.

"ஏழு நாள். கோடு இப்டியே சேர்ந்து இருந்துச்சுன்னா வண்டிக்கு நாதியில்லன்னு அர்த்தம். தூக்கிடுவோம். அப்புறம் ஏலம்."

"கோடு விலகிட்டா?" என்றான் வரதன்.

"அப்போ ஓடுற வண்டி. என் பேனாவுக்கு வேலையில்ல."

வேறொருவனாக இருந்தால் அன்றிரவே வண்டியை ஒரு சாண் தள்ளியிருப்பான். நீங்கள் தள்ளியிருக்க மாட்டீர்களா? வரதன் டூல்ரூம் ஆள். குறித்த குறியைத் தொடுவது அவனுக்குப் பாவம். தினமும் காலையில் குனிந்து, ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்ப்பான். கோடு அசையவில்லை. எழுந்து வேலைக்குப் போவான். 

ஆறாம் நாள் ஆயுத பூஜை.

வண்டி ஓடாது என்பதற்காகப் பூஜையை விட முடியுமா? கழுவினார்கள், சந்தனம் வைத்தார்கள், வாழைக்கன்று கட்டினார்கள், நாலு சக்கரத்துக்கு முன்னாலும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழம் நசுங்கினால்தான் பூஜை பூர்த்தி. எஞ்சின் நசுக்காததைத் தெருதான் நசுக்க வேண்டும். மூன்று வருஷமாக அதுதான் வழக்கம்.

"இன்னாத்துக்கு நின்னுகினு கீறீங்க? கை குடுங்கப்பா!" என்று கத்தினாள் பஞ்சவர்ணம். "பிரகாசம் அண்ணாத்தே, பொரி துன்ன மட்டும் மொத ஆளா வர்றியே, தள்ளு!"

கோயிலுக்குப் போகிற பிரகாசமோ, சர்ச்சுக்குப் போகிற பிரகாசமோ, பின்னால் நின்று தள்ளுவதென்றால் நம் ஆட்களுக்குக் கை தானாகப் போய்விடும். இவர் சர்ச்சுப் பிரகாசம். பொரியை மடியில் கட்டிக்கொண்டு, டிக்கியில் தோளைக் கொடுத்து, "ஏலேலோ" என்று தம் பிடித்துத் தள்ளினார். நாலு பழமும் ஒரே சமயத்தில் நசுங்கின. எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார். கோட்டை நினைத்தவர் ஒருவரும் இல்லை. ஸ்கேல் வைத்திருந்தவன் உட்பட.

ஏழாம் நாள் பரந்தாமன் வந்தார். தரைக்கோடு ஓரிடம், டயர்க்கோடு ஒன்றரை அடி தள்ளி.

"வண்டி ஓடியிருக்கே."

"ஓடலை சார்!" என்று பதறினார் பிரகாசம். "நான்தான் தள்ளினேன்!"

"இன்னா சார் நீங்க? மனு போட்டதும் நீங்க, தள்ளினதும் நீங்க. ஊட்ல எதுனா பிரச்சினையா?"

பஞ்சவர்ணம் வடகத் தட்டோடு சிரித்த சிரிப்பில் பாதி வடகம் தரையில்.

பரந்தாமன் ஒரு படிவத்தை வரதனிடம் நீட்டினார். "வண்டிக்கு உரிமை கோரி ஓனர் கையெழுத்து வேணும். அது இல்லன்னா கோடு விலகியும் பிரயோசனமில்ல, வண்டி எங்களுது. ஆர்.சி. யார் பேர்ல?"

"செங்கல்வராயன்."

"கூப்புடு."

வரதன் படிவத்தைப் பார்த்தான். அதில் ஒரு வரி: உரிமையாளர் இல்லாதபோது காரணம். 'காலமானார்' என்று எழுத வேண்டும். ஐந்து எழுத்து. இறப்புச் சர்ட்டிபிகேட் டாஷ்போர்டுக்குள்தான் இருந்தது, வாங்கிய அன்று மடித்த மடிப்போடு. பேனாவைத் திறந்தான். மூடினான். திறந்தான்.

"எங்கேப்பா அவரு?"

"வெளியில போயிருக்காரு" என்றான் வரதன்.

பரந்தாமன் சந்தேகத்தோடு பிரகாசத்தைத் திரும்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். இடம் மாருதிக்கு. செங்கல்வராயனைத் தூக்கியபோது முன்பக்கம் தோள் கொடுத்தவர் பிரகாசம்தான்.

பிரகாசம் செருமினார். "ஆமா சார். வெளியூர்."

"எப்ப வருவார்?"

"சொல்லிட்டுப் போகலை சார்."

பஞ்சவர்ணம் குனிந்து வடகம் பொறுக்கத் தொடங்கினாள். பரந்தாமன் மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, 'உரிமையாளர் வெளியூர். வந்ததும் ஆஜராவார்' என்று எழுதி முத்திரை குத்தினார். மாருதி அடுத்த தெருவில் நின்றது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வாசல் காலி, வண்டி என்று ஒன்று இருந்ததே கிடையாது, இந்த இனத்துக்கும் உங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரொம்ப நல்லது.

உங்கள் வீட்டுக் கரண்ட் பில் யார் பெயரில் வருகிறது?