அளவுக்கு மேல் சேர்த்த ஓய்வூதியமும் கையெழுத்துப் போடாத உன் அக்காவும்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்காள் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் உன் வீட்டாரும் போன மாதம் நீ வாங்கிய புதுக் காரும் அதேபோலச் சுகமாக இருக்க வேண்டும். பழைய காருக்கு என்ன குறை வந்தது என்று இந்தக் கடிதத்தில் கேட்க மாட்டேன். தைரியமாக மேலே படி.

உனக்கு 'ஓட்டைக்கை' என்று பெயர் வைத்தவன் நான்தான். சேமிப்பைப் பற்றி உனக்கு வருடக்கணக்கில் வகுப்பு எடுத்து, நீ கொட்டாவி விட்ட பிறகும் நிறுத்தாதவனும் நான்தான். அப்படிப்பட்ட நான் உன்னிடம் சந்தேகம் கேட்டு எழுதுகிறேன் என்றால் சங்கதி சாதாரணமானது இல்லை என்று உனக்கே புரியும். வரித்துறையிலிருந்து போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள் மாப்பிள்ளை, என் ஓய்வூதியக் கணக்கில் நான் அளவுக்கு மேல் சேர்த்துவிட்டேனாம். ஒரு வரம்பு வரைக்கும் சலுகை, அதைத் தாண்டினால் தாண்டிய பங்குக்குக் கூடுதல் வரியாம். எனக்கு உயரம் போதாது, தலைமுடி போதாது, சாமர்த்தியம் போதவே போதாது என்று சொன்னவர்களைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். என்னிடம் ஏதோ ஒன்று அதிகமாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இந்த 'அளவு' என்பதை யார், எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போல இருந்தது.

அதனால் நேரே வரி அலுவலகத்துக்கே போனேன். அங்கே லிஃப்ட் நிற்கும்போது ஒரு குதி குதித்தது. ஆயுள் முழுக்க லிஃப்ட் பரிசோதகனாக இருந்தவன் சும்மா இருக்க முடியுமா, கீழே இறங்கிக் காவலாளியிடம் பிரேக் தேய்ந்துவிட்டது என்று சொல்லி, அவர் என்னை வேலைக்கு வந்த மெக்கானிக் என்று நினைத்து மோட்டார் அறைச் சாவியைக் கையில் கொடுத்து, நானும் ஆசைப்பட்டு மேலே போய்ப் பார்த்துவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு ஒரு வழியாக அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்தேன். இளம் பெண். சளி பிடித்திருந்தது.

"சார், வரம்பு சட்டத்துல இருக்கு."

"சட்டத்துல எத வச்சும்மா போட்டாங்க?"

"ஒரு மனுஷன் வேலைய விட்டதுக்கு அப்புறம் எத்தனை வருஷம் இருப்பான், என்ன செலவாகும்னு ஒரு கணக்கு சார்."

"அப்ப நான் எத்தனை வருஷம் இருப்பேன்னு போட்டிருக்காங்க?"

அந்தப் பெண் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "நீங்க நல்லாவே இருப்பீங்க சார்" என்றாள். எனக்கென்னவோ கொஞ்சம் யோசித்துச் சொன்ன மாதிரிதான் இருந்தது. பிறகு அவளே, "இவ்வளவு எதுக்கு சார் சேர்த்தீங்க?" என்று கேட்டாள். நான் விளக்கினேன். லிஃப்ட்டில் எட்டுப் பேர் ஏறுவார்கள் என்றால் எட்டுப் பேரைத் தாங்கும் கயிற்றை நாங்கள் போட மாட்டோம், அதைப்போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு தாங்கும் கயிற்றைத்தான் போடுவோம். வீட்டுச் செலவையும் நான் அப்படித்தான் பெருக்கினேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி சார், அந்த லிஃப்ட்ல யாராவது ஏறினாங்களா?" என்றாள். சளி பிடித்தவர்கள் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது.

ஆனால் வழியும் அவள்தான் சொன்னாள். வரம்பு ஆளுக்கு ஒன்று. மனைவியின் கணக்கில் இடம் இருந்து அவள் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டால், அதிகப்படியை அங்கே மாற்றிவிடலாம், வரி கிடையாது. வருட முடிவுக்குள் செய்ய வேண்டும். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். உன் அக்கா சீருடை தைக்கும் கடை வைத்திருந்த காலத்தில் அவளும் ஒரு ஓய்வூதியக் கணக்கு தொடங்கினாள், அதில் சில்லறைதான் கிடக்கும் என்பது என் நினைப்பு. கடையை விற்ற பணம் எங்கே போயிற்று என்று நான் அவளைக் கேட்டதில்லை. உன்னுடைய பழைய கார் அந்தச் சமயத்தில்தான் வந்தது. அதையும் கேட்டதில்லை.

"எனக்கு வேண்டாங்க" என்றாள்.

"ஒரே ஒரு கையெழுத்துதானே?"

"போட மாட்டேன்."

"ஏன்?"

"கேக்காதீங்க."

உள்ளே போய்த் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். எட்டிப் பார்த்தால் ஊசியில் நூலே இல்லை. அன்றிலிருந்து எனக்கு வேறு எதிலும் புத்தி போகவில்லை. கல்யாணமான புதிதில் கப்பலில் போக வேண்டும் என்று கேட்டாள். ரிட்டயர் ஆனதும் போகலாம் என்றேன். ரிட்டயர் ஆனதும், கொஞ்சம் வட்டி சேரட்டும் என்றேன். அந்தக் கோபமாக இருக்குமோ என்று நினைத்தேன் மாப்பிள்ளை. உடனே கப்பல் டிக்கெட் விற்கும் இடத்துக்குப் போனேன். ஜன்னல் வைத்த அறையா, இல்லாத அறையா என்று கேட்டார்கள். இல்லாததற்கு எவ்வளவு குறையும் என்று கேட்டுவிட்டேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது. "கடலப் பாக்கத்தானே சார் போறீங்க?" என்றார் அந்த ஆள். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

ஆக உன்னிடம் கேட்பது இரண்டே உதவி. அவள் ஏன் மறுக்கிறாள் என்று நைசாகப் பேசித் தெரிந்துகொண்டு எனக்குச் சொல். அப்படியே, கை நடுங்காமல் செலவு செய்வது எப்படி என்பதையும் எழுது. அதில் உன்னை மிஞ்ச நம் குடும்பத்தில் ஆள் இல்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசி, அவர்கள் வரித்துறை போட்ட கணக்கையும் தாண்டி நெடுங்காலம் வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் உன் அக்கா வந்து எதிரே உட்கார்ந்தாள். "என் கணக்குல இடம் இல்லைங்க. எனக்குப் போன வருஷமே கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க" என்றாள். கடை விற்ற பணம் முழுவதும் அதில்தான் இருக்கிறதாம். (கார் விஷயத்தில் உன்னைத் தப்பாக நினைத்ததை மறந்துவிடு.) "வளர்ற பிள்ளைக்குச் சட்டை தைக்கறப்போ உள்ள துணி விட்டு மடிச்சு வைப்பேன்ல, அந்த மாதிரி வச்சுட்டே இருந்தேன்" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "நான் முதல்ல போயிட்டா நீங்க யார்கிட்டயும் போய் நிக்கக் கூடாதுல்ல" என்றாள். நான் சேர்த்ததும் அதற்குத்தான், நான் முதலில் போய்விட்டால் அவள் யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்று. இரண்டு பேரும் சேர்ந்து உயிரோடு இருப்போம் என்று நாங்கள் இரண்டு பேருமே கணக்குப் போடவில்லை மாப்பிள்ளை. வரியைக் கட்டிவிடப் போகிறோம். இப்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், டிக்கெட் எடுக்கப் போகிறோம். ஜன்னலுக்கு எவ்வளவு கூட என்று கேட்க மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள்.