பொடி போடாத தட்டு

மனித குலத்தைக் கிருமிகளிடமிருந்து மீட்கும் பெருமை, மாடிப்படிக்கு அடியில் குழாய் ஒழுகும் அந்த ஆய்வுக்கூடத்துக்கே என்று தலையில் எழுதியிருந்தது. அங்கே மணலின் பங்காளியான சிலிக்காவைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக்கி, மேலே ஒரு ரசாயனத்தைப் போர்த்தி, தொட்ட கிருமியைக் கொல்லும் பொடி தயாரித்திருந்தார்கள். பெரிய மருத்துவமனையின் புதிய பிரசவ வார்டுச் சுவர்களில் அதைப் பூசியாயிற்று. மருந்து போட்டுக் கழுவும் 'பழங்கால' வழக்கத்தையும் அங்கே நிறுத்தியாயிற்று. சோதனை முடியும் முன்பே இதையெல்லாம் செய்தது இயக்குநரின் தொலைநோக்கு.

பாக்கி, சோதனை அறிக்கையில் ஆய்வாளர் போடவேண்டிய கையெழுத்து ஒன்றுதான். அவள் இரண்டு தட்டுகளிலும் கிருமியை விட்டு, ஒன்றில் மட்டும் பொடி போட்டிருந்தாள். பொடி போட்ட தட்டு பளிச்சென்று இருந்தது. கிருமி மண்டியிருக்க வேண்டிய, பொடி போடாத தட்டும் பளிச்சென்றே இருந்தது. அவள் இரண்டையும் எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் ஓடினாள்.

"சார், பொடி போடாததுலயும் ஒண்ணும் வளரலை."

"பாத்தியா! பக்கத்துத் தட்டு வரைக்கும் பாய்ஞ்சிருக்கு நம்ம பொடி!"

அவள் ஆய்வுக்கூட உதவியாளரைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"பார்வையாளர் குழு வருது, லேப்ல ஒரு கிருமி இருக்கக் கூடாதுன்னு சார்தானே சொன்னாரு? கிருமிக் குழாயையும் சேர்த்து ஆவியில வேக வெச்சுட்டேன்," என்றார் அந்தக் கடமை வீரர்.

ஆக, பொடி வென்றது ஏற்கெனவே செத்துப்போனவர்களை.

"மறுபடி செஞ்சு பாக்கணும் சார். ரெண்டு நாள் போதும்."

"மறுபடிங்கிறதே எதிர்மறைச் சிந்தனைம்மா!"

உடனே அவசரக் குழு கூடியது. பொடி போடாத தட்டு 'ஆய்வுக்குத் தொடர்பற்றது' என்று ஏழே நிமிடத்தில் ஏகமனதாகத் தீர்மானித்து, அதை அறிக்கையின் புகைப்படத்திலிருந்து வெட்டியது.

அவளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "சார், எங்க அக்கா அந்த வார்டுலதான் இருக்கா. நேத்துதான் ஆபரேஷன் பண்ணிக் குழந்தை பொறந்துச்சு. வயித்துக் காயம் இன்னும் ஆறலை."

இயக்குநர் பதறிப்போனார். "அடடா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? நம்ம வீட்டு ஆளுங்களை யாராவது அங்க போடுவாங்களா? என் மருமகளை நான் போன வாரமே மாத்திட்டேனே!"

அவரே தொலைபேசியை எடுத்தார். தினமும் கழுவிவிடும் பழைய வார்டில் அக்காவுக்கு ஐந்தே நிமிடத்தில் கட்டில் கிடைத்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள்.

விஞ்ஞானத்துக்கு ஈரமில்லை என்று இனி யாராவது சொல்லட்டும். புதிய வார்டில் மீதி பதினோரு தாய்மார் இருந்தார்கள். அவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் தெரிந்தவர் யாரும் இல்லை.