டயர் கேஸ்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. ஒன்றுகூடச் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை. சொன்னதைச் சொன்னபடி கேட்ட ஒரே ஆள், இந்தக் குமணன்சாவடி வட்டாரத்திலேயே, எங்கள் தெரு 'டயர் கேஸ்'தான். அதுதான் அவனுக்கு வினையாகவும் போயிற்று.

ஒரு கோடையில் தண்ணீர் லாரி எங்கள் தெருவை மட்டும் விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் டீக்கடையில் நின்ற லாரியின் ஆறு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டான். ஓடவும் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். போலீசுக்குச் சிரமமில்லை. அன்றிலிருந்து தெருவில் அவன் பேரே 'டயர் கேஸ்'.

ஜாமீனில் விடும்போது, திங்கட்கிழமைதோறும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். போட்டான். மறு வருஷமே கோர்ட்டில் விடுதலை செய்தார்கள். அடுத்த திங்களும் போய்ப் போட்டான். இப்படியே பதினோரு வருஷம்! நோட்டுத் தீர்ந்தால் தானே ஒன்று வாங்கிக்கொண்டு போவான். புதிதாக வந்த ஒரு இன்ஸ்பெக்டர் இவனை எலக்ட்ரீஷியன் என்று நினைத்து ஃபேனைப் பார்க்கச் சொன்னாராம். பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தான்.

"கேஸுதான் முடிஞ்சிபோச்சேடா?"

"கேஸு முடிஞ்சிச்சி யக்கா. கையெழுத்து முடிஞ்சிச்சின்னு யாரும் சொல்லலியே?"

ஒரு கேஸ் மனிதன்மேல் எத்தனை வருஷம் ஒட்டிக்கொண்டிருக்கும்? இஸ்திரிக்காரர் ஏழு வருஷம் என்றார். பால்காரம்மா, லாரிக்காரன் செத்தால்தான் போகும் என்றாள். என் மருமகன், கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் செத்தாலும் போகாது என்றான். எனக்குத் தலை சுற்றியது.

அவன் வேலை பார்த்த பட்டறையை மூடி ஆறு மாசம் ஆனபிறகு, காட்டுப்பாக்கம் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை வந்தது. அதை விட்டால் அவனுக்கு வேறு கதியில்லை. போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள். தெருவே பயந்தது. கேஸ் எதுவும் இல்லை என்று சுத்தமாக வந்தது. அபார்ட்மெண்ட் செக்ரட்டரி கேட் சாவியை நீட்டினார். இவன் வாயைத் திறந்தான்.

"சார், திங்கக்கெயம காலைல மட்டும் ஒரு மணி நேரம் வுடணும். ஸ்டேஷன்ல கையெழுத்து போடணும்."

செக்ரட்டரி சான்றிதழைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். சாவி திரும்ப அவர் பைக்குள் போய்விட்டது. "நாளைக்குள்ள எது நெஜம்னு தெரியணும். இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்குறோம்."

நானே ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனேன். இன்ஸ்பெக்டரம்மா நோட்டைப் புரட்டப் புரட்ட முழித்தார்.

"யாருய்யா உன்ன வரச் சொன்னது?"

"வராதன்னு யாரும் சொல்லல மேடம்."

"நான் சொல்றேன். வராத."

"அத எய்தி, கீய நீங்க ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க மேடம்."

சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார். அதைப் படித்த செக்ரட்டரிக்கு இன்னும் குழப்பம். "போகவே தேவையில்லைன்னா, இத்தன வருஷம் ஏம்மா போனாரு?"

"போதும்னு சொல்ற வரைக்கும் வேலைய வுடாத ஆளு சார். வாட்ச்மேனுக்கு வேற இன்னா வோணும்?" என்றேன்.

பைக்குள் கையை விட்டார். சாவி வெளியே வந்தது.

இப்போது திங்கட்கிழமை பத்து மணியானால் கை நமநமவென்கிறதாம். விசிட்டர் நோட்டில் தானே ஒரு கையெழுத்துப் போட்டுக்கொள்கிறான்.

கேஸ் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். எப்போது போனது என்றுதான் இன்னும் விளங்கவில்லை. ஸ்டேஷனில் இல்லை, கோர்ட்டில் இல்லை. எங்கள் தெருக்காரர்கள் வாயில் மட்டும் இருக்கிறது. அபார்ட்மெண்டில் அவனைப் பேர் சொல்லி, கூடவே 'அண்ணா' போட்டுக் கூப்பிடுகிறார்கள்.

பாப்பா, உன் பாட்டி எழுதினதை முதலிலிருந்து ஒரு தரம் படி. எங்கேயாவது கை தவறி அவன் நிஜப் பேரை எழுதியிருந்தால், நன்றாக அடித்துவிடு கண்ணு.