டீ ரூம் கதவும் மூன்று துறைகளும்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் எழுதுவது. நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். கடையும் நலமாக இருக்க வேண்டும்; இப்போது என் சுயநலம் அதில்தான் இருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வலது தோளில் மட்டும் வலி. அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் போனில் பேசும்போது, "எத்தனை காலம்தான் நத்தையையே பாத்துக்கிட்டு இருப்ப, பேசாம நம்ம கடைக்கு வா, கண்ணாடி மாட்டிக்க வர்ற மனுசங்களைப் பாரு" என்றீர்கள். நான் சிரித்துப் பேச்சை மாற்றிவிட்டேன். நீங்கள் சொன்ன அந்தக் கல்லாப்பெட்டி நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து யாரையும் உட்கார வைத்துவிடாதீர்கள். காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். அத்தைக்குப் படித்துக் காட்டும்போது இயக்குநர் விழும் இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள், அத்தை சிரித்து முடிக்கட்டும்.

இந்த வருடக் கடைசியோடு என் வேலை ஒப்பந்தம் முடிகிறது. அதை நீட்டிக்க வேண்டுமானால் ஒரு புதுப் பயிற்சியில் தேற வேண்டும் என்று எங்கள் ஆய்வு நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். இளம் ஆய்வாளர்கள் அவரவர் துறைக்குள்ளேயே கிணற்றுத் தவளையாக இருக்கிறார்களாம், பக்கத்துத் துறைகளோடு சேர்ந்து வேலை செய்யப் பழக வேண்டுமாம். நடத்துகிற ஒருங்கிணைப்பாளர் அம்மா மிகவும் நல்லவர். யார் என்ன சொன்னாலும் கண்ணை மூடித் திறந்து, "அருமை, இதை நாம மனசுல வச்சுக்குவோம்" என்பார். முதல் நாள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் ஆய்வைத் தன் ஆய்வு போலவே எழுந்து சொல்ல வேண்டும் என்றார். என் பக்கத்தில் ஒரு பொறியாளர். எழுந்து, "நான் நத்தையோட சளியை ஆராய்ச்சி பண்றேன். ஏன்னு எனக்கே தெரியல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அன்று முழுக்க அந்த இரண்டாவது வாக்கியத்தில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தப் பொறியாளரையும் என்னையும் இன்னொரு பெண்ணையும் ஒரே குழுவில் போட்டார்கள். பொறியாளர் கட்டடங்கள் அதிர்வதை ஆராய்கிறவர். எந்த மேசையைக் கண்டாலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், அதனால் அவருக்கு அதிர்வு என்று பெயர் வைத்துவிட்டோம். அந்தப் பெண் சமூகவியல். மனிதர்கள் வரிசையில் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்பது அவள் ஆய்வு. எங்கே நாலு பேர் நின்றாலும் ஐந்தாவதாகப் போய் நின்றுகொள்வாள். ஒருமுறை மருந்துக்கடை வரிசையில் கவுன்டர் வரைக்கும் போய், "எனக்கு ஒண்ணும் வேணாம், நீங்க கூப்பிட்ட விதம் நல்லாருந்துச்சு" என்று சொல்லித் திரும்பியிருக்கிறாள். அவள் பெயர் வரிசை. எனக்கும் ஏதோ பட்டப்பெயர் இருக்கிறது, இரண்டு பேரும் சொல்ல மறுக்கிறார்கள்.

கட்டடத்துக்குள்ளேயே ஒரு சின்னப் பிரச்சினையைத் தேடி மூன்று துறையும் சேர்ந்து தீர்க்க வேண்டும், இயக்குநரும் வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டுக் குழுவும் வந்து பார்ப்பார்கள், மூவருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண். தேறினால் மூன்று பேர் ஒப்பந்தமும் நீளும், இல்லையென்றால் மூன்று பேரும் வீட்டுக்கு. நாங்கள் இரண்டாம் மாடி டீ ரூம் கதவை எடுத்துக்கொண்டோம். மழையில் உப்பி, வெயிலில் சுருங்க மறந்துபோன கதவு அது. தோளால் முட்டினால்தான் உள்ளே திறக்கும், திறந்தால் முழுதாக மூடாது. தச்சரைக் கூப்பிட்டு அடியில் இழைப்புளி போட்டால் அரை மணி நேர வேலை. நான்கூடச் சொன்னேன். "அது ஒரே துறையில முடிஞ்சிடுமே" என்றாள் வரிசை. மார்க் போய்விடும் என்பதால் அந்த யோசனையைக் கைவிட்டோம்.

பிறகு பல வாரம் அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தோம் மாமா. அதிர்வு கதவில் கையை வைத்துக் கண்ணை மூடி நிற்பார். டீ குடிக்கப் போகிறவர்கள் அவர் அழுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் போவார்கள். கதவு திறக்கக் காத்திருக்கும்போதுதான் கணக்குப் பிரிவு ஆட்களும் ஆய்வுக்கூட ஆட்களும் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்கள், அதனால் கதவைச் சரிசெய்தால் நிறுவனமே உடைந்துவிடும் என்று வரிசை வாதாடினாள். நான் மரச்சட்டத்தின் ஈரத்தில் நத்தை வாழுமா என்று பார்த்தேன். மூன்று பேரும் மிகுந்த மரியாதையோடு நடந்துகொண்டோம். அந்த மரியாதைதான் எங்களைக் கவிழ்த்தது. "அடுத்தவங்க துறைக்குள்ள நீங்களா ஒரு அடி எடுத்து வைங்க, அவங்க கேக்காமயே" என்று ஒருங்கிணைப்பாளர் அம்மா தினமும் சொல்வார். மதிப்பீட்டு நாள் காலையில் மூன்று பேரும் தனித்தனியாக, மற்ற இரண்டு பேருக்கும் தெரியாமல், அந்த அடியை எடுத்து வைத்தோம்.

என் துறையைக் கௌரவிப்பதற்காக அதிர்வு என் ஆய்வுக்கூடத்துக்குள் போய் ஒரு கிண்ணம் நத்தைச் சளியை எடுத்துவந்து, கதவின் விளிம்பு முழுக்கவும் சட்டத்திலும் தடவிவிட்டார். வழுக்கும் என்று நினைத்தாராம். வழுக்கும், ஈரமாக இருக்கும்வரை. காய்ந்தால் பிசின். கோடையில் நத்தை தன்னைச் சுவரோடு ஒட்டிக்கொள்வதே அதை வைத்துத்தான். நான் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறேன். ஆனால் என்னைக் கேட்டால் ஆச்சரியம் போய்விடும் அல்லவா. அவர் போனதும் வரிசை ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வந்து, பொறியியலுக்குத் தன் அன்பாக, கீலில் இருந்த திருகாணி எல்லாவற்றையும் முறுக்கிவிட்டாள். கதவு பல வருடங்களில் முதல்முறையாக நேராக நின்றது. கடைசியாக நான் போனேன். தெரியாதவர்களிடம் பேசுவதென்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தும் சமூகவியலுக்காக வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, "கொஞ்சம் காத்திருங்க, காத்திருக்கும்போது உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க" என்று கேட்டேன். ஒருவர் "தாகமா இருக்கு" என்றார். இயக்குநரை மட்டும் நிறுத்த தைரியம் வரவில்லை. அவர் அன்றைய பேச்சுக்குத் தனியாக உட்கார்ந்து குறிப்பு எழுத உள்ளே போனார். கதவு வெண்ணெய் மாதிரி மூடியது. "பரவாயில்லையே" என்று உள்ளிருந்து குரல் கேட்டது. நான் பெருமையோடு மற்றவர்களைக் காக்க வைத்தேன். கதவு மேல் நல்ல வெயில்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து தட்டும் சத்தம். அதற்குள் வெளியே காத்திருப்பவர்களின் வரிசை படிக்கட்டு வரை போய்விட்டது. மதிப்பீட்டுக் குழு டீ கேட்டு வந்து, கூட்டத்தைப் பார்த்து அவர்களும் கடைசியில் நின்றுகொண்டார்கள். என் தோழி வரிசையின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

"சார், தட்டாதீங்க, ரீடிங் கெட்டுடும்" என்றார் அதிர்வு, கையைக் கதவில் வைத்தபடி.

"யோவ், கதவைத் திறங்கய்யா."

ஒருங்கிணைப்பாளர் அம்மா ஓடிவந்து கதவிடம் குனிந்தார். "சார், கோபமா பேசினா அடுத்தவங்க மனசு மூடிக்கும். உங்க உணர்வை 'நான்'னு ஆரம்பிச்சு சொல்லிப் பாருங்க."

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு, "நான் உள்ள இருக்கேன்" என்றார் இயக்குநர்.

"அருமை, இதை நாம மனசுல வச்சுக்குவோம்."

நான் விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அதிர்வைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். "சார், கெட்டில்ல வெந்நீர் இருக்கா?" என்று கத்தினேன். "இப்ப டீ போடற நேரமாம்மா?" என்றார். விளிம்பு ஓரமாக மேலிருந்து கீழே ஊற்றச் சொன்னேன். சளி இளகத் தொடங்கியது. எந்த இடம் விட்டுக்கொடுக்கிறது என்று அதிர்வு உள்ளங்கையால் தேடி, "இங்க, இல்ல, இன்னும் கீழ, இங்க" என்றார். வரிசை எல்லோரையும் தோள் உயரம் பார்த்து ஒருவர் பின் ஒருவராக நிறுத்தினாள். எல்லோருக்கும் முன்னால் நான். ஊர் கூடித் தேர் இழுப்பார்கள். நாங்கள் ஊர் கூடிக் கதவைத் தள்ளினோம். உள்ளே இயக்குநர் கீழ்ப்பகுதிக்கு ஊற்றக் குனிந்திருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. அதிர்வு "இப்ப" என்றார். முறுக்கிய திருகாணிகள் பழைய மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தன. கதவு அப்படியே உள்ளே சாய்ந்தது, அதன் மேல் நான், என் மேல் கணக்குப் பிரிவு, அதற்கு மேல் ஆய்வுக்கூடம், ஒழுங்கு குலையாமல் ஒவ்வொருவராக. எல்லோருக்கும் அடியில் இயக்குநர். நல்லவேளை, வெந்நீர் ஆறியிருந்தது, அவருக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. தலையை மட்டும் வெளியே நீட்டி, "யாருங்க இதெல்லாம்?" என்றார்.

"இதான் சார் கூட்டாய்வு" என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா.

இதற்குமேல் இங்கே எனக்கு என்ன எதிர்காலம் இருக்கும், நீங்களே சொல்லுங்கள். முடிவு வரும்வரை காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை. நத்தைகளை விட்டு வர மனசே இல்லை. யார் வந்தாலும் கொம்பை உள்ளே இழுத்துக்கொள்ளும் அவற்றோடு எனக்கு எப்போதும் ஒத்துப்போகும். மற்ற இரண்டு பேரையும் இனி என் வாழ்நாளில் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். மத்தியானம் முழுக்க மூன்று பேரும் படிக்கட்டில் ஒன்றாக உட்கார்ந்து அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். தனியாக ஒரு நாற்காலி, என் முன்னால் ஒரு கல்லாப்பெட்டி, யாரோடும் சேராத ஒரு வேலை. அது போதும் மாமா.

அத்தையை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் ஊர்க் கண்ணையெல்லாம் சோதித்துவிட்டு உங்கள் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட மறக்காதீர்கள். உங்கள் இருவர் ஆசியும் எனக்கு இப்போது மிகவும் வேண்டியிருக்கிறது.

என்றும் அன்புள்ள,
மருமகள்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். வரிசையில் நின்ற மதிப்பீட்டுக் குழு நடந்ததெல்லாம் செயல்விளக்கம் என்று நினைத்துவிட்டது. மற்ற குழுவினர் பிரச்சினையை ஆராய்ந்தார்கள், இவர்கள் பிரச்சினையையே அகற்றிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் ஒப்பந்தம் நீண்டுவிட்டது. இயக்குநரும் கையெழுத்துப் போட்டுவிட்டார், இடது கையால். ஆனால் அடுத்த ஆய்வை மூன்று பேரும் சேர்ந்து நிறுவனத்துக்கு வெளியே செய்ய வேண்டுமாம். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் கடையைப் பற்றி நான் புலம்பியது அவர்கள் இருவர் மனதிலும் தங்கிவிட்டது. பஸ் போகும்போது உங்கள் கண்ணாடி அலமாரி நடுங்குவது அதிர்வுக்கு, கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருப்பவர்கள் வரிசைக்கு. நத்தைக்குக் கண் கொம்பு நுனியில்தான் இருக்கிறது என்பதால் எனக்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. நிறுவனத்தின் அனுமதி வந்தாகிவிட்டது, திங்கட்கிழமை மூவரும் வருகிறோம், நத்தைகளோடு. நாற்காலி ஒன்று போதாது. வாடிக்கையாளர்களிடம் மட்டும், நாங்கள் அங்கே இல்லாத மாதிரி இயல்பாக இருக்கும்படி இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள் மாமா.