எடுத்து வைத்துவிட்டு அழிக்கவும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், இல்லாததை எழுத எனக்கு வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். யோசனை சொல்கிறவர்களுக்கு என்ன குறைச்சல்?

"புதுசு எதுக்குக்கா, பழைய கம்ப்யூட்டருக்கே ரேமும் புது டிஸ்க்கும் போட்டா குதிரை மாதிரி ஓடும்" என்று போனில் சொன்னாயே, உன் அத்தான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பதினேழு வயதுப் பெட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்துத் தலை துவட்டி வந்தாலும் விழித்திருக்காது, ஆனாலும் என் மொழிபெயர்ப்பு அதற்குள்தான் இருந்தது, திங்கட்கிழமை பதிப்பாளருக்குக் கொடுத்தாக வேண்டும். மூடியைத் திறந்ததும் அரைத் தலையணைக்கு ஆகும் பஞ்சு வந்தது. ரேமைத் தலைகீழாகச் செருகப் பார்த்து, பிடுங்கி, மறுபடி செருகி, கடைசியில் நான்கு திருகாணி மிச்சம். "கம்பெனிக்காரன் அதிகமாப் போட்டுட்டான்" என்கிறார்.

அப்புறம்தான் உன்னிடம் கேட்டார். நீ சொன்னது: "எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு அழிச்சிடுங்க அத்தான், புதுசா ஏத்திக்கலாம்." மனுஷன் எடுத்து வைத்தார். மேசை விளக்கு, அகராதி, என் கண்ணாடிக்கூடு, நாட்காட்டி எல்லாவற்றையும் பத்திரமாகக் கட்டில்மேல் எடுத்து வைத்துவிட்டு, அழிக்கலாமா என்று பெட்டி கேட்டதற்கு ஆமாம் என்று தட்டியிருக்கிறார். நான் கடைக்குப் போய்த் திரும்பினால் கம்ப்யூட்டரில் ஒன்றுமே இல்லை.

"என் ஃபைல் எங்கே?"

"மேசைமேல ஃபைல் எதுவும் இல்லையேம்மா."

முந்நூறு பக்கம், தம்பி. இரண்டு வருஷம். நகல் எடுங்கள் என்று சொன்னால் உன் நாக்கு தேய்ந்துவிடுமா? குதிரை என்றாய், மண்குதிரை என்று சொல்லவில்லையே.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன் பங்கை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அத்தான் துண்டில் சுற்றிய எதையோ நீட்டுகிறார். "பழைய டிஸ்க்கையும்தான் கழட்டி எடுத்து வெச்சேன், நீ கேக்கவே இல்லையே." அவர் அழித்தது காலியாக இருந்த புது டிஸ்க்கை. உடனே போனை எடுத்து யாரிடமும் சொல்லிவிடாதே. எல்லாம் போச்சு என்று பதிப்பாளரிடம் நான் காலையிலேயே அழுது முடித்துவிட்டேன், பாவம், மூன்று மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார். முந்நூறு என்பது மூல நூலின் பக்கக் கணக்கு. நான் முடித்தது எழுபது. டிஸ்க் கிடைத்த விஷயம் நமக்குள்ளேயே இருக்கட்டும்.