அயலூர் முறுக்கு வரி

ஐப்பசி பிறந்தால் மலாக்காவின் வானம் நீராடி எழுந்த களிறுபோல் கறுத்து, அசைவற்று நிற்கும். செம்பனை மட்டைகள் துளி சொட்டி அடங்கும். புக்கிட் ரம்பாய் ஆலைகளின் புகையும் மேலெழ மனமின்றிக் கூரைகளின்மேல் படிந்து கிடக்கும். அந்த ஈரத்தில் விற்காத முறுக்கு நமத்துப்போகும். முறுக்கு நமத்தால் சுசீலா பேசமாட்டாள். அவள் கணவர் கணேசமூர்த்தி அஞ்சியது அந்த மௌனத்துக்குத்தான்.

சென்ற ஆண்டு ஊர்க் கோயில் மண்டபத் தீபாவளிச் சந்தையில், பக்கத்து ஊரான குருபோங்கிலிருந்து வந்த பவானேஸ்வரியின் முறுக்கு நண்பகலுக்குள் தீர்ந்தது. சொந்த மாவு மில் இருந்ததால் அவர் மலிவாக விற்றார். சுசீலாவின் டின்கள் திறவாமலே வீடு திரும்பின. தைப்பூசம் வரை கணவரோடு அவள் பேசியது சைகையில்.

இவ்வாண்டு கணேசமூர்த்தியே சந்தைக் குழுத் தலைவர். முதற் கூட்டத்திலேயே, வெளியூர் முறுக்குக்கு வரி என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

"நம்ம ஆளுங்கள நாமதான் காப்பாத்தணும்."

"வரி போட்டா விலை ஏறும் அங்கிள்," என்றான் வங்கியில் பணிபுரியும் நிவேந்திரன். "கூடக் கொடுத்து வாங்கப் போறதும் நம்ம ஆளுங்கதான் லா."

கணேசமூர்த்தி அடுத்த தீர்மானத்துக்குச் சென்றார்.

செய்தி குருபோங்கை எட்டியது. பவானேஸ்வரியின் மில்லில் புக்கிட் ரம்பாய்க்காரர்களுக்கு மட்டும் மாவு விலை உயர்ந்தது. சுசீலாவும் அங்கேதான் மாவு வாங்குபவள். தன் முறுக்கின் விலையை உயர்த்திவிட்டு, கணவரை ஒரு பார்வை பார்த்தாள்.

அவர் பதறி, குருபோங் மாவுக்கும் வரி விதித்தார். சுசீலா பேரங்காடியின் பாக்கெட் மாவில் பிழிந்தாள். அச்சிலிருந்து விழுந்த முறுக்கு எண்ணெயிலேயே உதிர்ந்தது. சுசீலாவின் அந்தப் பார்வையும் நின்றது. உடனே கணேசமூர்த்தி முறுக்கு வரியை இரட்டிப்பாக்கினார். பவானேஸ்வரி இனி வரப்போவதில்லை என்று சொல்லியனுப்பினார். மாவு தேடிப் புறப்பட்ட சுசீலாவோ, குருபோங்கில் அக்காள் வீட்டில் தங்குவதாகச் செய்தி மட்டும் அனுப்பினாள்.

சந்தை நாளன்று, உடைந்த முறுக்கு நிரம்பிய டின்களுக்குப் பின்னால் கணேசமூர்த்தி தனியே அமர்ந்திருந்தார். வந்தவர்கள் விலை கேட்டார்கள். விலை கேட்டவர்கள் மழை வருகிறது என்று நடந்தார்கள். மழை வரவில்லை.

பிற்பகலில் மண்டபம் வெறிச்சோடியது.

"எல்லாரும் எங்கப்பா?"

"குருபோங் போயிட்டாங்க அங்கிள்," என்றான் நிவேந்திரன்.

"எதுக்கு?"

"முறுக்கு வாங்க."

இந்த டின்களைப் பார்த்தால் சுசீலா அடுத்த தீபாவளி வரை வாய் திறக்கமாட்டாள். கணேசமூர்த்தி எழுந்து கருவறைக்கு முன் சென்றார். நெய்விளக்கு ஒன்றை ஏற்றி, கைகூப்பி நின்றார். வேண்டியது பெருவரம் அன்று: அவள் ஒரு சொல் பேசினால் போதும், அது வசையாயினும் அமுதே.

பூசாரி தம்புசாமி அவர் நெற்றியில் திருநீறு இட்டார்.

"இப்பதான் சுசீலா அம்மா போன் பண்ணி, உங்க பேருக்கு ஒரு அர்ச்சனை செய்யச் சொன்னாங்க ஐயா. குருபோங்ல பவானேஸ்வரி மாவு, நம்ம அம்மா கைப்பக்குவம், ரெண்டு பேரும் கூட்டுக் கடையாம். நம்ம தாமான் வீடுங்க அத்தனையும் அங்க போய் வாங்கி, ஒரு டின் மிச்சமில்லையாம். எல்லாம் உங்க வரியாலதானாம். மகராசனா இருங்க."